ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரில் என்ன இருக்கிறது? பூட், பார்ட்டிஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுவரை நன்றாக இருந்த டிஸ்க் இன்று காலியாகத் தெரிந்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் பல நேரங்களில் கோப்புகள் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. அவை எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் சில பைட்டுகள் மட்டும் கெட்டுப்போயிருக்கும். அந்தச் சில பைட்டுகளைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். டிஸ்க்கைப் பிரித்து ஆக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். கணினி தொடங்கி இயங்குதளத்தை ஏற்றுவதுதான் பூட். இதைத் தெரிந்துகொண்டவர்கள் அவசரப்பட்டு ஃபார்மேட் பொத்தானை அழுத்தமாட்டார்கள்.

பார்ட்டிஷன் விவரம் டிஸ்க்கில் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் ஒரு நீண்ட வரிசையாகத்தான் பார்க்கிறது. 512 பைட் கொண்ட செக்டர்கள், 0 என்ற எண்ணிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகின்றன. இந்த வரிசை எண்ணுக்கு எல்பிஏ என்று பெயர். பழைய முறையில் எல்லாமே 0-ஆம் செக்டரில் இருக்கும். அதுதான் மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோது, அதற்கான பிசி டாஸ் 2.0 இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. புதிய முறையான ஜிபிடியில் விவரம் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒருமுறையும் கடைசியில் ஒருமுறையும் எழுதப்படுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எம்பிஆரின் 512 பைட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன?

முதல் 440 பைட் ஒரு குட்டி நிரல். ப்ராசஸர் நேரடியாக ஓட்டக்கூடிய இயந்திரக் கட்டளைகள். அடுத்த 4 பைட் டிஸ்க்கின் அடையாள எண். விண்டோஸ் ஒரு டிஸ்க்கையும் இன்னொன்றையும் வேறுபடுத்தி அறிவது இதை வைத்துத்தான். அதன் பிறகு 2 பைட், பெரும்பாலும் வெறும் பூஜ்யம். 446-ஆவது இடத்திலிருந்து பார்ட்டிஷன் அட்டவணை: 16 பைட் வீதம் நான்கு பதிவுகள், மொத்தம் 64 பைட். கடைசி 2 பைட்டில் 55, ஏஏ என்ற பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள் இருக்க வேண்டும். 0 முதல் 9 வரை இலக்கங்களும் அதன்பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கொண்டு எழுதும் முறை இது. அவை இல்லாவிட்டால், கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ் அந்த செக்டரை பூட் செக்டராக மதிக்காது.

பல டெராபைட் தரவுக்கும் வழிகாட்டுவது இந்த 64 பைட்தான். இதற்கு எம்பிஆர் முறையில் இரண்டாவது பிரதி கிடையாது. இந்த அமைப்பின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து.

அந்த 16 பைட் பதிவு ஒன்றை எப்படிப் படிப்பது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 7 புதிய டிஸ்க்கில் நிறுவப்படும்போது முதலில் உருவாக்கும் 100 மெகாபைட் பார்ட்டிஷனின் பதிவு பதினாறடிமானத்தில் இப்படி இருக்கும்:

80 20 21 00 07 டிஎஃப் 13 0சி 00 08 00 00 00 20 03 00

முதல் பைட் 80 என்றால் "பூட் ஆக வேண்டிய பார்ட்டிஷன் இதுதான்" என்று அர்த்தம். மற்றவற்றில் இது 00 ஆக இருக்கும். அடுத்த மூன்று பைட் தொடக்க இடத்தைப் பழைய சிலிண்டர், ஹெட், செக்டர் (டிஸ்க்கின் வளையம், படிக்கும் முனை, வளையத்தில் உள்ள துண்டு) கணக்கில் சொல்கின்றன. பிறகு வரும் 07 பார்ட்டிஷனின் வகை: என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட். இவை கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள், அதாவது கோப்பு அமைப்புகள். இந்த இடத்தில் 83 இருந்தால் லினக்ஸ், 82 இருந்தால் லினக்ஸ் ஸ்வாப், 0சி இருந்தால் ஃபேட் 32. அடுத்த மூன்று பைட் முடிவிடம், அதே பழைய கணக்கில்.

உண்மையில் இன்று பயன்படுவது கடைசி எட்டு பைட். 00 08 00 00 என்பது தொடக்க செக்டர். இதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். இன்டெல் வகை ப்ராசஸர்கள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் எழுதும். திருப்பினால் 00 00 08 00, அதாவது 8 × 256 = 2048. கடைசி நான்கான 00 20 03 00-ஐத் திருப்பினால் 00 03 20 00, அதாவது 2,04,800 செக்டர். அதை 512-ஆல் பெருக்கினால், ஒரு மெகாபைட்டை 1024 × 1024 பைட் என்று எடுத்துக்கொண்டால், சரியாக 100 மெகாபைட் வருகிறது.

பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் 0-ஆம் செக்டரைத் திறந்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் வைத்து, உங்கள் டிஸ்க்கின் பதிவை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பார்ட்டிஷன் என்பது மர்மமாகவே தெரியாது.

சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு இன்னும் ஏன் இருக்கிறது?

பழைய மென்பொருள்களுக்காக. அதற்கு ஒதுக்கிய மூன்று பைட்டில் நடைமுறையில் 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர் வரைதான் சொல்ல முடியும். பெருக்கினால் சுமார் 8.4 ஜிகாபைட். அதைத் தாண்டிய இடங்களுக்கு ஒரு நிரப்பு மதிப்பை எழுதிவிட்டு எல்பிஏ எண்ணையே நம்புகிறார்கள்.

பவர் பொத்தானை அழுத்தியதும் இந்த செக்டர் எப்படி வேலைக்கு வருகிறது?

பயாஸ் உள்ள கணினியை முதலில் பார்ப்போம். பயாஸ் தன் சோதனைகளை முடித்ததும், பூட் வரிசையில் உள்ள முதல் டிஸ்க்கின் 0-ஆம் செக்டரை எடுத்து நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் வைக்கிறது. கடைசியில் 55 ஏஏ இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், அந்த முகவரிக்குக் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸ், லினக்ஸ், கோப்பு இவை எதுவும் அதற்குத் தெரியாது. சில பயாஸ்கள் மட்டும் 80 குறி எங்காவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும்.

இப்போது எம்பிஆரில் இருக்கும் குட்டி நிரல் ஓடத் தொடங்குகிறது. முதல் வேலையாகத் தன்னையே நினைவகத்தில் வேறோர் இடத்துக்கு நகலெடுத்துக்கொள்கிறது. ஏனென்றால் அடுத்து வரவிருக்கும் செக்டருக்கும் அதே 7சி00 முகவரிதான் வேண்டும். பிறகு நான்கு பதிவுகளில் 80 குறி உள்ளதைத் தேடி, அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டரைப் படிக்கிறது. இதற்கு வால்யூம் பூட் ரெக்கார்டு என்று பெயர். அதன் முடிவிலும் 55 ஏஏ இருக்கிறதா என்று பார்த்து, அதை ஓடவிடுகிறது.

வால்யூம் பூட் ரெக்கார்டுக்குத்தான் அந்தப் பார்ட்டிஷனின் கோப்பு அமைப்பு தெரியும். விண்டோஸ் உள்ள டிஸ்க்கில் அது, விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்எம்ஜிஆர் என்ற கோப்பைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த இடத்தில் என்டிஎல்டிஆர் இருந்தது. இதற்குப் பிறகுதான் விண்டோஸ் காட்சிக்கு வருகிறது.

லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப் கொஞ்சம் வேறு வழியில் போகிறது. அதன் முதல் துண்டு எம்பிஆரில் உட்கார்ந்துகொள்ளும். பெரிய துண்டு, எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையில் உள்ள வெற்று செக்டர்களில் இருக்கும். 80 குறியை அது கண்டுகொள்வதில்லை.

பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வருகிறது. எங்கே கோளாறு?

அந்த வரியைத் தயவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் நின்றது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பூட் டிவைஸ் எதுவும் இல்லை என்று பயாஸே சொன்னால், டிஸ்க்கே கண்ணில் படவில்லை, அல்லது 55 ஏஏ இல்லை, அல்லது எந்தப் பதிவிலும் 80 குறி இல்லை. முதலில் கேபிளையும் பயாஸ் அமைப்பில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

"இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்" என்று வந்தால், எம்பிஆர் நிரல் ஓடிவிட்டது, அட்டவணையில்தான் தப்பு. இரண்டு பதிவுகளில் 80 இருக்கலாம், அல்லது 80-ம் இல்லாமல் 00-ம் இல்லாமல் வேறெதோ இருக்கலாம். "எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றால் பார்ட்டிஷனின் முதல் செக்டரைப் படிக்கவே முடியவில்லை. டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம் என்பதால் எனக்கு அதிகம் கவலை தரும் செய்தி இதுதான். "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றால் செக்டர் கிடைத்தது, ஆனால் அதில் 55 ஏஏ இல்லை. மைக்ரோசாஃப்டின் எம்பிஆர் நிரலில் இந்த மூன்று வாக்கியங்களும் அந்த 440 பைட்டுக்குள்ளேயே எழுத்தாக இருக்கின்றன.

"பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் ஒருவகையில் நல்ல செய்தி. எம்பிஆர் சரி, வால்யூம் பூட் ரெக்கார்டும் ஓடுகிறது, ஒரு கோப்புதான் கிடைக்கவில்லை. தவறான பார்ட்டிஷனில் 80 குறி வைத்திருந்தாலும் இதே செய்தி வரும்.

நான்கு பார்ட்டிஷனுக்கு மேல் வைக்க முடியாதா?

முடியும். நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதன் வகை எண் 05 அல்லது 0எஃப். அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். ஒவ்வொரு லாஜிக்கல் பார்ட்டிஷனுக்கும் முன்னால் எம்பிஆர் போன்ற ஒரு செக்டர் இருக்கும். அதில் முதல் பதிவு அந்த லாஜிக்கல் பார்ட்டிஷனையும், இரண்டாவது பதிவு அடுத்த செக்டரையும் காட்டும். ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அப்புறம் உள்ள எல்லாமே பார்வையிலிருந்து மறைந்துவிடும். லினக்ஸில் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எப்போதும் 5 என்ற எண்ணிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், 1 முதல் 4 வரை அந்த நான்கு பதிவுகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதுதான்.

3 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். எம்பிஆரில் முழு இடமும் ஏன் கிடைக்கவில்லை?

செக்டர் எண்ணுக்கு எம்பிஆர் பதிவில் 4 பைட்தான், அதாவது 32 பிட். 32 பிட்டில் எண்ணக்கூடிய செக்டர்கள் சுமார் 429 கோடி. ஒவ்வொன்றும் 512 பைட் என்றால் ஏறக்குறைய 2.2 டெராபைட். அதற்கு அப்பால் உள்ள இடத்தைக் குறிப்பிட எண்ணே இல்லை. டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றுவதுதான் வழி.

ஜிபிடி எந்த வகையில் வேறு?

மூன்று விஷயங்களில். செக்டர் எண்கள் 64 பிட் ஆகிவிட்டன. டிஸ்க் அளவு பற்றிய கவலை நம் காலத்தில் இனி இல்லை. பார்ட்டிஷன்கள் வழக்கமாக 128 வரை வைக்கலாம், எக்ஸ்டெண்டட் சங்கிலி தேவையில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறது, அது கெட்டுவிட்டதா என்று தானாகவே தெரிந்துகொள்ளவும் முடிகிறது.

அமைப்பு இப்படி. 1-ஆம் செக்டரில் தலைப்பு. அது "இஎஃப்ஐ பார்ட்" என்ற எட்டு எழுத்துகளில் தொடங்கும். 2 முதல் 33 வரையிலான செக்டர்களில் அட்டவணை, ஒரு பதிவுக்கு 128 பைட். ஒவ்வொரு பதிவிலும் பார்ட்டிஷனின் வகையைச் சொல்லும் 16 பைட் அடையாள எண், அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய இன்னொரு 16 பைட் எண், முதல் செக்டர், கடைசி செக்டர், சில குறிகள், அப்புறம் 36 எழுத்துவரை ஒரு பெயர். பெயர் யூனிகோடில் இருப்பதால் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

இதே தலைப்பும் அட்டவணையும் டிஸ்க்கின் கடைசி 33 செக்டர்களில் மறுபடியும் இருக்கின்றன. தலைப்பு மட்டும் அங்கே கடைசி செக்டரில் இருக்கும். தலைப்புக்கும் அட்டவணைக்கும் சிஆர்சி 32 என்ற சரிபார்ப்புத் தொகை உண்டு. ஒரு பிட் மாறியிருந்தாலும் தொகை பொருந்தாது. அப்போது மென்பொருள் மற்ற பிரதியை நாடும்.

ஜிபிடி டிஸ்க்கிலும் 0-ஆம் செக்டரில் எம்பிஆர் தெரிகிறதே?

அது காவலுக்கு வைத்தது. ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள் வந்து பார்த்தால் "டிஸ்க் காலி" என்று நினைத்து மேலே எழுதிவிடக்கூடும். அதைத் தடுக்க ஈஈ என்ற வகை எண்ணோடு, டிஸ்க் முழுவதையும் ஆக்கிரமித்த ஒரே பார்ட்டிஷன் அங்கே காட்டப்படுகிறது.

யூஇஎஃப்ஐ கணினி எப்படி பூட் ஆகிறது?

யூஇஎஃப்ஐ என்பது பயாஸின் இடத்துக்கு வந்த புதிய மதர்போர்டு மென்பொருள். இங்கே 440 பைட் நிரலுக்கு வேலை இல்லை. யூஇஎஃப்ஐக்கு ஜிபிடியைப் படிக்கத் தெரியும், ஃபேட் கோப்பு அமைப்பையும் படிக்கத் தெரியும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற ஒரு சிறிய பார்ட்டிஷனைத் தேடி, அதிலுள்ள ஒரு கோப்பை நேராக ஓட்டுகிறது. எந்தக் கோப்பு என்ற விவரம் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டில் உள்ள அழியா நினைவகத்தில் இருக்கிறது.

இது தெரியாததால் பலர் குழம்புகிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு மதர்போர்டில் மாட்டியதும் பூட் ஆகாவிட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. புதிய மதர்போர்டுக்கு அந்தக் கோப்பின் முகவரி தெரியாது, அவ்வளவுதான். முகவரி எதுவும் இல்லாதபோது தேட ஒரு பொது இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது: இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டர், 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு அதில் பூட்எக்ஸ்64 என்ற இஎஃப்ஐ கோப்பு. அங்கே ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் எங்கே போனாலும் பூட் ஆகும்.

பழைய பயாஸ் கணினியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் செய்யலாமா?

விண்டோஸ் அனுமதிக்காது. லினக்ஸில் முடியும். ஜிபிடியில் எம்பிஆருக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை அட்டவணை எடுத்துக்கொள்வதால், கிரப்பின் பெரிய துண்டுக்கு பயாஸ் பூட் என்ற வகையில் ஒரு மெகாபைட் பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். ஃபார்மேட் செய்யத் தேவையில்லை. இந்த வகையின் 16 பைட் அடையாள எண்ணை எழுத்துகளாக மாற்றிப் படித்தால் "ஹா! ஐ டோன்ட் நீட் இஎஃப்ஐ" என்று வரும். அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்தது.

முதல் பார்ட்டிஷன் ஏன் 2048-ஆம் செக்டரில் தொடங்குகிறது?

எக்ஸ்பி காலம்வரை 63-இல் தொடங்குவது வழக்கம். இன்றைய டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் அளவில் எழுதிவிட்டு, வெளியே 512 என்று காட்டிக்கொள்கின்றன. 63 என்பது 8-ஆல் வகுபடாது. அதனால் ஒவ்வொரு 4096 பைட் துண்டும் இரண்டு உண்மையான செக்டர்களில் பிரிந்து விழும். ஒன்றை எழுத இரண்டைப் படித்துத் திருத்தி எழுத வேண்டி வரும், வேகம் குறையும். விஸ்டாவிலிருந்து 1 மெகாபைட் எல்லையான 2048-இல் தொடங்குகிறார்கள். எஸ்எஸ்டிக்கும் இது பொருந்துகிறது.

டிஸ்க்கை மாட்டினால் "இனிஷியலைஸ் செய்யவா?" அல்லது "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. உள்ளே முக்கியமான கோப்புகள் இருக்கின்றன. என்ன செய்வது?

இரண்டுக்குமே "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

இனிஷியலைஸ் கேட்டால் 0-ஆம் செக்டரோ ஜிபிடியோ படிக்கக்கூடிய நிலையில் இல்லை. ஃபார்மேட் கேட்டால் அட்டவணை சரியாக இருக்கிறது, பார்ட்டிஷனுக்குள் உள்ள பூட் செக்டரோ கோப்பு அமைப்போ கெட்டிருக்கிறது. இரண்டு நிலையிலும் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் டிஸ்க்கிலிருந்து தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இனிமேல் வேலையெல்லாம் நகலின் மேலேயே செய்யுங்கள்.

பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி. அது அட்டவணையை நம்பாமல் செக்டர்களைத் துழாவி, கோப்பு அமைப்புகளின் அடையாளங்களைத் தேடும். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டரில் நான்காவது பைட்டிலிருந்து அதன் பெயரே எழுதியிருக்கும். அந்த செக்டரின் பிரதி ஒன்று பார்ட்டிஷனின் கடைசி செக்டரிலும் இருக்கும். ஃபேட் 32-இல் பிரதி வழக்கமாக 6-ஆம் செக்டரில். இவற்றை வைத்து எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கணித்து அட்டவணையைத் திரும்ப எழுதலாம். எழுதும் முன் அது காட்டும் பார்ட்டிஷனுக்குள் கோப்புகளின் பட்டியல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணிப்பு சரி.

எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம் தேவை. விரைவு ஃபார்மேட் செய்தாலே இயங்குதளம் "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று ட்ரிம் கட்டளை அனுப்பிவிடும். அதற்குப் பிறகு மீட்பது பெரும்பாலும் முடியாது. சுழலும் டிஸ்க்கில் இருக்கும் அவகாசம் இதில் இல்லை.

டிஸ்க்கை குளோன் செய்து இரண்டையும் மாட்டினால் ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைன் என்கிறது. ஏன்?

இரண்டிலும் அந்த 4 பைட் அடையாள எண் ஒன்றாகவே இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஆன்லைன் என்று கொடுத்தால் இரண்டாவதற்குப் புதிய எண் எழுதப்படும். குளோனிலிருந்து பூட் செய்ய நினைத்திருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். பூட் அமைப்பு பழைய எண்ணைத்தான் தேடும். மூல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

எம்பிஆரில் வைரஸ் வருமா?

இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் இடம் என்பதால் அது எப்போதுமே குறியாக இருந்திருக்கிறது. 1987-இன் ஸ்டோன்டு, அசல் எம்பிஆரை வேறொரு செக்டருக்கு நகர்த்திவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்கார்ந்தது. மைக்கலாஞ்சலோ மார்ச் 6 அன்று டிஸ்க்கின் செக்டர்களை அழித்தது. 2016-இல் வந்த பெட்யா எம்பிஆரை மாற்றி எழுதி, என்டிஎஃப்எஸ்ஸின் முக்கிய அட்டவணையைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. யூஇஎஃப்ஐயின் செக்யூர் பூட், கையொப்பமில்லாத பூட் கோப்பை ஓடவிடாமல் இந்த வழியைப் பெருமளவு அடைக்கிறது. தேவையில்லாமல் அதை அணைத்து வைக்காதீர்கள்.

இந்த விவரங்களை எப்படிப் பிரதி எடுத்து வைப்பது?

ஜிபிடி டிஸ்க்குக்கு லினக்ஸில் எஸ்ஜிடிஸ்க் கருவியின் பேக்கப் வசதி போதும். காவல் எம்பிஆர், இரண்டு தலைப்புகள், அட்டவணை எல்லாம் ஒரே சிறிய கோப்பில் வந்துவிடும். எம்பிஆர் டிஸ்க்குக்கு டிடி கட்டளையால் முதல் 512 பைட்டை எடுக்கலாம். ஆனால் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் சங்கிலி அதில் வராது. எஸ்எஃப்டிஸ்க்கின் டம்ப் வசதி அதையும் சேர்த்து, மனிதர்கள் படிக்கக்கூடிய எழுத்து வடிவிலேயே தரும். அதைக் காகிதத்தில்கூட அச்சடித்து வைக்கலாம்.

திரும்ப எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரதி எடுத்த பிறகு பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால் 512 பைட்டையும் எழுதக் கூடாது. பழைய அட்டவணை வந்து உட்கார்ந்துவிடும். முதல் 440 பைட்டை மட்டும் எழுதினால் நிரல் திரும்ப வரும், அடையாள எண்ணும் அட்டவணையும் இப்போது உள்ளபடியே இருக்கும். பிரதியை அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள். பார்ட்டிஷனை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள்.